உழுவோரும் உண்போரும்: இலங்கை விவசாய உணவு அமைச்சின் வரலாற்றில் ஒரு பகுதி

உணவை விளைவித்தலும் அதனைப் பங்கிடுதலும் ஒரே கருமத்தின் இரு கூறுகள் என்றே எவரும் எண்ணுவர். ஆயின் ஆட்சி நடத்துவோர்க்கு அவை எளிதில் இணங்குவன அல்ல. உழுவோன் நெல்லுக்கு உயர்ந்த விலை வேண்டுவான். உண்போன் அரிசிக்குத் தாழ்ந்த விலை வேண்டுவான். இவ்விருவரும் ஓர் அமைச்சரிடமே முறையிட நேர்ந்தமைதான் நம் நாட்டு விவசாய உணவு அமைச்சின் வரலாற்றில் ஆராயத்தக்கது.

தொடக்கத்தில் நிலை அவ்வாறு இருக்கவில்லை. டொனமூர் அரசியற்றிட்டப்படி 1931 இல் ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைந்தன. அவற்றுள் விவசாய, காணிக் குழுவின் தலைவரான டி. எஸ். சேனநாயக்கா அத்துறை அமைச்சராகிப் பதினைந்தாண்டு அளவில் அப்பதவியை வகித்தார். 1912 இல் நிறுவப்பட்ட விவசாயத் திணைக்களம் அவர் பொறுப்பில் வந்தது. பாழடைந்த குளங்களைத் திருத்துதல், காணியற்றோரைக் குடியேற்றுதல் என்பனவே அவர்தம் நோக்கங்கள். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டமும் மின்னேரியாக் குடியேற்றமும் அவற்றின் பயன்கள். இவ்வமைச்சு முற்றிலும் உழுவோன் பக்கமே நோக்கியது எனலாம்.

உண்போனை அரசாங்கம் நேரே சந்திக்கச் செய்தது யுத்தம். நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிறநாடுகளிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து, வந்துகொண்டிருந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகவே அவ்வழி அடைபட்டது. அவ்வாண்டே அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. ஒலிவர் குணதிலகா உணவு ஆணையாளராயினார். கூப்பன் புத்தகமும் சங்கக் கடையும் மக்கள் வாழ்வில் நிலைபெற்ற காலம் அது. யுத்தம் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. கொடுத்துப் பழகிய அரிசியை நிறுத்தும் துணிவு, வாக்காளரை அஞ்சும் எந்த அரசாங்கத்துக்கு உண்டு?

1947 இல் அமைந்த மந்திரிசபையில் விவசாயமும் உணவும் வெவ்வேறு அமைச்சர்களிடம் இருந்தன. 1950களின் முற்பகுதியில் இரண்டும் ஓர் அமைச்சாக இணைந்தன. அந்நாளைய கணக்கு ஒன்றைச் சற்று விரித்து நோக்குதல் தகும். உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் அரசாங்கம் ஒரு புசல் நெல்லை 12 ரூபாவுக்கு வாங்கியது. ஒரு புசல் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழப் பதினைந்து கொத்து அரிசி கிடைக்கும். பங்கீட்டு அரிசியோ கொத்து 25 சதம். ஆகவே 12 ரூபா கொடுத்து வாங்கிய நெல், அரிசியாகி மீளும்போது நாலு ரூபாவும் பெறவில்லை. தன் நெல்லை முழுவதும் சங்கத்துக்கு அளந்துவிட்டு, கூப்பன் அரிசியை வாங்கி உண்பதே விவசாயிக்கு ஆதாயமாயிற்று! இடையிலுள்ள நட்டம் திறைசேரியின் தலையில் விழுந்தது. இறக்குமதி அரிசியின் விலையும் கொரிய யுத்தத்தால் ஏறியிருந்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தம் அரிசி வரவை உறுதிப்படுத்தியதேயன்றி, மானியச் சுமையை நீக்கவில்லை.

1953 யூலையில் கொத்து விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். விலையை உயர்த்திய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அடுத்து ஏற்ற பொறுப்பு விவசாய உணவு அமைச்சே என்பது வரலாற்றின் ஒரு விநோதம்.

1956 இல் அவ்வமைச்சை ஏற்ற பிலிப் குணவர்த்தனா சிக்கலை வேறோர் இடத்திற் கண்டார். நெல்லின் விலை உயர்ந்தபோதும் குத்தகை உழவனுக்கு அதன் பயன் சேரவில்லை. விளைவிற் பாதி நிலச்சொந்தக்காரனுக்குப் போயிற்று. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகையை விளைவின் காற்பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களையும் தோற்றுவித்தது. நிலமுடையோர் மந்திரிசபைக்குள்ளேயே வலுவுடையவர். 1959 மே மாதத்தில் அவர் பதவி விலகினார். சட்டம் எஞ்சிற்று, அதனை முனைந்து நடத்துவார் இல்லை.

மீண்டும் பிரதமரான டட்லி சேனநாயக்கா 1966 டிசம்பரில் வாராந்தப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைத்தார். பதின்மூன்றாண்டுக்கு முன் கற்ற பாடத்தை அவர் மறந்திலர்: எஞ்சிய ஒரு கொத்துக்கு விலை வாங்கவில்லை.