தொலைவிலுள்ள ஆசிரியரும் மலையகத்து மாணவரும்

ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதோடு கல்வி முடிந்துவிடுவதன்று. கேட்டவர் வினாவவும், வினாவிற்கு விடை பெறவும் இடமுண்டாயின் அன்றோ அது நிறைவுறும்? இதனையே உரைகல்லாகக் கொண்டு, வகுப்பறைகளிற் காணொளிக் கருவி அமைக்கும் முயற்சியின் வரலாற்றை மலையகத்து றொசல்லயை மனத்திருத்தி ஈண்டு ஆராய்வாம்.

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறு புகையிரத நிலையம் றொசல்ல. நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் வரையுள்ள இருப்புப்பாதை 1884 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது தேயிலையைக் கொழும்புக்கு விரைந்து கொண்டு சென்றது. கல்வியோ அவ்விரைவில் மலையேறவில்லை. தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கு வழிசெய்யும் பொறுப்பை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1977 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. விஞ்ஞானம், கணிதம் முதலிய பாடங்களுக்கு ஆசிரியர் போதாமை நெடுங்காலம் நீடித்த குறையாகும். தொலைவிலுள்ள ஆசிரியரை வகுப்பறைக்குக் கொணரும் கருவி இங்கு வேண்டப்படுவது இக்காரணம் பற்றியே.

அக்கருவியின் தொடக்கம் அமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1927 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள், வாஷிங்டனில் இருந்த ஹூவரின் உருவை நியூயோர்க்கில் இருந்தோர் பெல் ஆய்வுகூடத்தாரின் கருவி வழியே கண்டனர். குரல் இருபுறமும் சென்றது; உருவமோ ஒருபுறமே சென்றது. இருபுறமும் உருவம் செல்லும் தொலைபேசி 1964 இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பல நிறுவனத்தார் செய்த கருவிகள் தம்முள் இணைந்து இயங்குதற்கான பொது நியமம் 1990 இல் வகுக்கப்பட்ட பின்னரே இது வகுப்பறைக்குரிய பொருளாயிற்று.

அயல்நாடாகிய இந்தியாவில் 1975, 1976 ஆம் ஆண்டுகளில், செயற்கைக் கோளின் துணையாற் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. கிராமத்தார் கண்டனர், கேட்டனர், வினாவ வழியில்லை. 2004 செப்டெம்பர் 20 இல் ஏவப்பட்ட எடுசாட் என்னும் கோள் கல்விக்கெனவே அமைந்தது. அதனோடு இணைந்த வகுப்பறைகள் இருவகையின: சில மறுமொழி கூறவல்லன, சில பெறுவதற்கு மட்டுமே உரியன. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே நம் ஆராய்ச்சியின் மையமாம்.

நம் நாட்டில் இவ்வேற்றுமையை நன்குணர்த்தியது நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலைச் சமூக வானொலி. 1999 இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அங்கு இணைய வசதி சேர்க்கப்பட்டது. நேயர்கள் கடிதத்தாலும் தொலைபேசியாலும் வினாக்களை அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி வானொலியிற் கூறினர். உருவம் இல்லை, கருவியும் எளியது. எனினும் கேட்போரின் வினாவிற்கு அங்கே இடமிருந்தது.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடெங்கும் இணைய வகுப்புகள் தொடங்கின. அப்பொழுது மலைநாட்டின் பல பகுதிகளில் மாணவர் சமிக்ஞை தேடி மேடுகளில் ஏறினர். கைத்தொலைபேசி இல்லாதார்க்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது.

ஆகவே, றொசல்ல போன்ற இடத்தில் இக்கருவியை அமைப்போர் திரையின் பருமனை முதலிற் கருதுதல் தகாது. வட்டவளைப் பகுதி மழைமிகுதிக்குப் பேர்பெற்றது. தகரக் கூரையில் விழும் மழையோசை ஆசிரியர் குரலை விழுங்கிவிடும். எனவே கூரையின் கீழ் ஒலி தடுக்கும் தட்டி வேண்டும். ஒலிபெருக்கியின் ஓசை ஒலிவாங்கியுட் புகுந்து எதிரொலியாகாதவாறு இரண்டையும் விலக்கி வைத்தல் வேண்டும். சன்னலுக்கு எதிர்முகமாகப் படக்கருவியை வைத்தால் மாணவர் முகம் இருளும். கடைசி வாங்கில் இருப்பவனின் குரலும் எட்டும்படி இரண்டாவது ஒலிவாங்கி ஒன்று வேண்டும். இணைப்பு மெலியுங்கால் உருவத்தை நிறுத்திக் குரலைக் காத்தலே அறிவுடைமை. பாடம் நிகழும்போது வகுப்பில் ஓர் ஆசிரியர் உடனிருத்தலும் இன்றியமையாதது.

தேயிலை மலையிறங்கப் பாதை அமைத்தோர் அதனை ஓராண்டில் முடித்தாரல்லர். பிள்ளைகளின் வினா மலையிறங்கும் பாதையும் அத்தகைய பொறுமையை வேண்டிநிற்கின்றது. கொழும்பிலுள்ள ஆசிரியர் திரையில் தோன்றும் நாளை வெற்றியெனக் கொள்ளற்க. றொசல்லயில் ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்” என்று கூற, அவர் அதைக் கேட்டு மீண்டும் விளக்கும் நாளே வெற்றி நாளாம்.