குமரப்பா கண்ட எளிய வாழ்வு

‘வாழ்க்கைத் தரம்’ என்னும் சொற்றொடர் இன்று எல்லோர் நாவிலும் பயில்கின்றது. தரம் உயர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அத்தரத்தை அளக்கும் கோல் எது என்று கேட்டால் பலரும் சற்றுத் தயங்குவர். வீட்டில் நிறைந்துள்ள பொருள்களின் எண்ணிக்கையா? மாத வருவாயா? அல்லது, இரவில் கவலையின்றி உறங்கும் உறக்கமா? இக்கேள்விக்கு ஒரு தமிழர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு விடை தேடினார். அவர் துறவியல்லர், புலவரும் அல்லர், கணக்கர். தஞ்சையில் பிறந்து, இலண்டனில் பயின்று, வார்தாவில் உழைத்து, மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முதுமையைக் கழித்த ஜே. சி. குமரப்பாவே அவர்.

அவரைப் பற்றி மாணவர்களிடம் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுந்தமைக்கு நான் வாழும் ஊரும் ஒரு காரணம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது கவரைப்பேட்டை. நெல்வயலும் தொழிற்சாலையும் இங்கே அண்டை வீட்டார் போல் வாழ்கின்றன. காலை நேரத்தில் எங்கள் நிலைய மேடையில் இருவகைக் கூட்டத்தைக் காணலாம். ஒன்று, கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் கூட்டம். மற்றொன்று, இரவு ஷிப்டு முடிந்து கண்கள் சிவக்க வீடு திரும்பும் தொழிலாளர் கூட்டம். முதற்கூட்டத்தார் சில ஆண்டுகளில் இரண்டாம் கூட்டத்திற் சேரப் போகின்றவர்கள். அவர்கள் எவ்வளவு ஈட்டுவார்கள் என்பதைச் சொல்லித் தரப் பலர் இருக்கின்றனர். ஈட்டியதைக் கொண்டு எவ்வாறு அமைதியாக வாழ்வது என்பதைச் சொல்லித் தருவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் குமரப்பா.

அவர் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். இலண்டன் மாநகரில் கணக்காய்வுத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டுப் பழக்கம் ஆகிய அனைத்தும் அவரிடம் குடிகொண்டிருந்தன. 1927இல் அமெரிக்கா சென்று, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மன் என்பாரிடம் அரசு நிதியியல் கற்றபோது, இந்தியாவின் வரிப்பணம் எங்கே செல்கின்றது, இந்தியர் ஏன் வறியராயினர் என்பதை ஆராய்ந்தார். கணக்கேடுகளே அவர் கண்களைத் திறந்தன. மேடைப் பேச்சுகள் செய்யாத வேலையை வரவு செலவுப் பட்டியல்கள் செய்தன.

தாம் எழுதிய ஆராய்ச்சியை வெளியிடும் பொருட்டு 1929 மே மாதத்தில் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். பட்டுத் துணியாலான மேனாட்டு உடை. கையில் ஒரு தடி. சாணம் மெழுகிய தரையில் மரநிழலில் அமர்ந்து இராட்டை சுற்றிக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, தடியை ஊன்றிய வண்ணம் நின்று பார்த்தார். சிறிது நேரத்திற்குப் பின்னரே அம்முதியவர்தாம் காந்தியடிகள் என்று தெரிந்தது. உடனே அந்தப் பட்டுடையோடு தரையில் அமர்ந்துவிட்டார். ஆசிரமத்தார் நாற்காலி கொணர்ந்தபோதும் அவர் எழவில்லை. அதன்பின் காந்தியடிகள் அவரைக் குசராத்தின் மாதர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராயுமாறு பணித்தார். அக்கணக்கெடுப்பில் உழவர் வீடுகளின் அடுப்பையும் குதிரையும் கண்டு வந்த பின், பம்பாய் வாழ்க்கைக்கு அவர் திரும்பவே இல்லை. கதராடை உடுத்தினார், குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார்.

அவருடைய எளிமை எத்தகையது என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1934 சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெருநிலநடுக்கம் அழித்தது. இராசேந்திரப் பிரசாத் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் நாட்செலவு 3 அணாவுக்கு மேற்படக் கூடாது என்று அவர் வரையறுத்தார். அவ்வேளையில் காந்தியடிகளும் அவரைச் சேர்ந்தோரும் பீகாருக்கு வந்தனர். அவர்களுடைய செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து தருவதற்கில்லை என்று குமரப்பா மகாதேவ தேசாயிடம் கூறிவிட்டார். தாம் தலைவராகப் போற்றிய பெரியாருக்கும் விதி ஒன்றே! காந்தியடிகள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஏழையின் பேரால் திரட்டிய காசுக்கு ஏழையே உரியவன் என்னும் இந்த நேர்மையிலிருந்தே அவருடைய எளிமை முளைத்தது.

அதே 1934ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றிற்று. வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் அதன் பணியைக் குமரப்பா நடத்தினார். செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையாற் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவை அங்கே ஆராயப்பட்டன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று. பின்னர்ச் சுதந்திரப் போராட்டத்தில் சிறைப்பட்டு ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, ‘நிலைத்த பொருளாதாரம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் ஒன்றை எழுதினார். அது 1945இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தது.

அந்நூலின் நடுநாயகமான கருத்து, மாணவர்கள் மனங்கொள்ளத் தக்கது. வாழ்க்கைத் தரத்தை ‘உயர்ந்தது’, ‘தாழ்ந்தது’ என்று பிரிப்பதே பிழை என்கிறார் குமரப்பா. பொருள்கள் மிகுந்த வாழ்வைச் ‘சிக்கலானது’ என்றும், பொருள்கள் குறைந்த வாழ்வை ‘எளியது’ என்றும் சொல்வதே பொருந்தும். எளிய வாழ்வு உயர்ந்ததாகவும், சிக்கலான வாழ்வு தாழ்ந்ததாகவும் இருத்தல் கூடும் என்பது அவர் வாதம். இதற்கு அவர் காட்டும் சான்று நம் வீட்டு வாழையிலை. மேசையும் பீங்கானும் கரண்டியும் கொண்ட விருந்தையும், இலையிட்டுக் கையால் உண்ணும் விருந்தையும் ஒப்பிடுகிறார். முன்னதில் பாத்திரங்களை வாங்க வேண்டும், கழுவ வேண்டும், காக்க வேண்டும், அதற்கு ஆளும் வேண்டும். பின்னதில் உண்ட இலை ஆட்டுக்கு உணவாகிறது. கையைக் கழுவினால் வேலை முடிந்தது. தூய்மையில் இலை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அப்படியானால் எது உயர்ந்தது?

தேவைகளைப் பெருக்கிக் கொள்பவன் அவற்றை நிறைவு செய்வதற்கே ஓயாது உழைக்க நேர்கின்றது. சிந்திக்கவும் பிறரோடு அளவளாவவும் அவனுக்கு நேரம் இராது. தேவைகளைப் பெருக்குவதால் உண்மையில் பயன் அடைபவர் விற்பவரே என்று குமரப்பா சுட்டிக் காட்டினார். மேலும், ஒரு பொருளை வாங்குகிறவன் அது செய்யப்பட்ட முறைக்கும் பொறுப்பாளி என்றார். பிறர் வயிற்றில் அடித்துச் செய்த பொருளை மலிவு என்று வாங்குவது, களவுப் பொருளை வாங்குவது போன்றதே என்பது அவர் துணிபு.

இவ்வாறு கணக்கெழுதியவர் உலகில் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அமெரிக்க அறிஞர் தோரோ, 1845இல் வால்டன் குளக்கரையில் தாமே ஒரு குடில் எழுப்பினார். அதற்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று காசு குறையாமல் எழுதி வைத்தார். ஒரு பொருளின் உண்மை விலை, அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளே என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில் ஷூமாக்கர் என்னும் பொருளியலறிஞர், 1973இல் வெளியிட்ட ‘சிறியதே அழகு’ என்னும் நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார்.

எளிமை வேறு, இல்லாமை வேறு என்பதை இங்கே மறத்தலாகாது. இரு வேளைச் சோறு இல்லாதவனிடம் சென்று எளிமையைப் போதிப்பது கொடுமை. குமரப்பா அதனைச் செய்தாரல்லர். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி, இடைத்தரகரை நீக்கி நிலத்தை உழுபவனுக்கே உரியதாக்க வேண்டும் என்று 1949இல் பரிந்துரைத்தார். எல்லா இயந்திரங்களையும் அவர் வெறுத்தார் என்பதும் தவறு. இரயில், மின்சாரம் முதலியன பெரிய அளவிலேயே நடத்தற்குரியவை என்பதை ஏற்று, அவை அரசின் கையில் பொதுநலம் கருதி நடக்க வேண்டும் என்றார். எளிய வாழ்வால் நோயே வராது என்றும் கொள்ள வேண்டா. ஓயாத பணியாலும் சிறைவாசத்தாலும் நலிந்த அவருடலை இரத்தக் கொதிப்பு பல்லாண்டு வருத்திற்று. 1950களில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கி, இறுதியில் 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் இயற்கை எய்தினார்.

நாடு அவர் காட்டிய வழியில் முழுவதும் செல்லவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்டு அடுப்பெரியும் வீடுகள் எங்கள் வட்டாரத்தில் பல. அத்தொழிற்சாலைகளை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. குமரப்பாவின் கணக்கை மட்டும் உங்கள் கையில் தருகிறேன். எடுத்துக்காட்டாக, மாதம் 26 நாள் உழைத்து 18,000 ரூபாய் பெறும் ஓர் இளைஞரை எண்ணிக் கொள்ளுங்கள். அவருடைய ஒரு நாளின் விலை ஏறத்தாழ 692 ரூபாய். கைப்பேசி ஒன்றுக்கு மாதத் தவணை 2,100 ரூபாய் என்றால், திங்கள்தோறும் 3 நாள் அதற்காகவே உழைக்கிறார். வேலைக்குச் செல்ல வாங்கிய வண்டிக்குத் தவணை 3,500 ரூபாய் என்றால், மேலும் 5 நாள். வண்டி அவரை வேலைக்குக் கொண்டு செல்கிறது. அந்த 5 நாள் தகும். கைப்பேசி பழையதே நன்கு பேசுமானால், அந்த 3 நாள் தகுமா? ஓவர்டைம் பார்த்து அதனை ஈடுசெய்பவர், இழப்பது உறக்கத்தையா, பெற்றோருடன் இருக்கும் மாலைப் பொழுதையா?

மாணவ நண்பர்களே! இக்கேள்விக்கு விடையை உங்களுக்காகப் பிறர் எழுத இயலாது. ஒவ்வொரு பொருளை வாங்குமுன்னும் மூன்றைக் கேளுங்கள்: இதற்கு என் வாழ்நாளில் எத்தனை நாள் போகும்? இதனைச் செய்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா? இதனைக் காப்பதற்கு நான் அடிமையாவேனா? மூன்றுக்கும் தக்க விடை கிடைப்பின் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். கிடைக்காவிடின், கடையிலேயே விட்டுவிட்டுக் கைவீசி நடந்து வாருங்கள். கையில் சுமை குறைந்தவனுக்கு வழி நெடுந்தொலைவாகத் தோன்றாது.