எண் மட்டும் மிஞ்சிய ஏடுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அவிநாசிக்கு வடக்கே இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைத் திறந்தேன். அம்மா காலமான பிறகு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஓடு மாற்றுவதற்காக ஆசாரி ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். ஆசாரத்து நிலவை அவர் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். சுரைக்குடுக்கையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

"செல்லு உள்ள பூந்துருச்சுங்க வாத்தியாரே. மேல பெயிண்ட் மட்டும்தான் நிக்குதுங்க" என்றார்.

நிலவு போனால் போகிறது, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது உள் அறையில் இருந்த மரப்பெட்டி. என் பாட்டனாரின் அப்பா எழுதிய ஒரு கட்டு ஓலை அதில் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் ஊரில் நடந்ததை அவர் எழுதி வைத்ததாக அப்பா சொல்வார். தாது வருஷம் என்றால் 1876-77. சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம். கோவை மாவட்டமும் அதில் தப்பவில்லை. முப்பத்து மூன்று வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்து அந்தப் பஞ்சத்தைப் பாடப்புத்தகத்தில் உள்ள ஒன்றரைப் பத்தியை வைத்தே நடத்தியிருக்கிறேன். 'ரிட்டயர் ஆனதும் அந்த ஓலையைப் படித்து அச்சில் கொண்டுவருகிறேன்' என்று அப்பாவிடம் சொன்னவனும் நான்தான்.

பெட்டி சுவரை ஒட்டித் தரையில் இருந்தது. தூக்கியபோது அடிப்பலகை கையோடு வரவில்லை. உள்ளே மண். மண்ணை விலக்கினால் ஏடுகளின் இடது ஓரம் மட்டும் துண்டு துண்டாகக் கிடைத்தது. ஓலையில் ஏட்டு எண்ணை இடது ஓரத்தில்தான் போடுவார்கள். க, உ, ங என்று தமிழ் எண்கள் தெளிவாக இருக்கின்றன. எழுத்து இருந்த பக்கம் இல்லை.

அன்றிலிருந்து இந்தச் சின்னப் பூச்சியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்ததையும் பார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் செல்லு என்பதை மற்ற ஊர்களில் கரையான் என்கிறார்கள். பழந்தமிழில் சிதல், சிதலை. நாலடியாரில் ஒரு செய்யுள் உண்டு. ஆலமரத்தின் அடிமரத்தைச் சிதலை தின்றாலும் அதன் விழுதுகள் மரத்தைத் தாங்கிக்கொள்ளும்; அதுபோலத் தந்தை தளரும்போது மகன் தாங்க வேண்டும் என்பது அதன் கருத்து. எத்தனையோ வகுப்புகளில் அதை உதாரணம் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்குச் சொன்னது போலவே இருக்கிறது.

தமிழ் இலக்கிய வரலாற்றில் கரையானுக்குப் பெரிய இடம் உண்டு. தேவாரம் கிடைத்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். சிதம்பரம் கோயிலில் ஓர் அறை பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்று சொல்லி அறையைத் திறக்க வைத்தான் சோழ மன்னன். உள்ளே போனால் ஏடுகளின் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றிப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்கள். அந்த மன்னன் ராஜராஜன் என்பதும், உடனிருந்து திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பதும் மரபு. திருமுறை கண்ட புராணம் இதைச் சொல்கிறது. இன்று நம் கையில் இருப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவான பதிகங்கள்.

இதைப் பக்திக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்தேன். இப்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. அந்த ஏடுகளுக்கு அங்கே பாதுகாப்புக் குறைவில்லை. கோயில், கல் சுவர், பூட்டு, முத்திரை எல்லாம் இருந்தன. யாரும் உள்ளே போய்ப் பார்க்காததுதான் குறை.

19-ஆம் நூற்றாண்டிலும் இதே கதைதான். சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சிட்டது ஒரே ஆண்டு, 1887. புறநானூறு வந்தது 1894-ல். இவர்கள் வீடு வீடாக, மடம் மடமாக ஏடு தேடிப் போன காலத்தில் பல இடங்களில் கிடைத்தது பூச்சி அரித்த ஓலைதான். நம் பக்கத்திலும் ஈரோட்டுப் புலவர் செ. இராசு ஊர் ஊராகப் போய் கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடிப் பதிப்பித்தார். அவருக்கு ஒரு கார்டு போட்டிருந்தால்கூட எங்கள் வீட்டு ஓலை பிழைத்திருக்கும். போட எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோருக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. ஓலைக்கு மஞ்சள் பூசினார்கள், வசம்பு வைத்தார்கள், எண்ணெய் தடவினார்கள். இவை ஓலையைத் துளைக்கும் சிறு பூச்சிகளை ஓரளவு தடுக்கும். தரைக்கு அடியிலிருந்து கூட்டமாக வரும் கரையானைத் தடுத்தது வேறு இரண்டு பழக்கங்கள். ஒன்று, ஏடு பழசானால் புது ஓலையில் படி எடுப்பது. இன்னொன்று, சரஸ்வதி பூஜை. வருடத்துக்கு ஒரு நாள் எல்லாச் சுவடியையும் வெளியே எடுத்துத் துடைத்து அடுக்க வேண்டும் என்று வழக்கம் இருந்தால் கரையான் எப்படிக் குடியிருக்கும்?

வெள்ளைக்காரர்களுக்கும் இது புதிராகத்தான் இருந்தது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகன் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் 1779-ல் நம் நாட்டுக் கரையானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்மவர்கள் புற்றருகே புகை போட்டு ஈசல் பிடித்து, மாவோடு சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டதையும் அதில் குறித்திருக்கிறார். மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து வறுத்துத் தின்ற தலைமுறை நான். அதனால் அது எனக்கு அதிசயமாகத் தெரியவில்லை. கரையான் பழக்கமே இல்லாத ஊரில் அது புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு செயின்ட் ஹெலினா தீவு சாட்சி. நெப்போலியனைச் சிறை வைத்த அதே தீவுதான். 1840 வாக்கில், பிடிபட்ட ஓர் அடிமைக் கப்பலின் மரத்தோடு கரையான் அங்கே இறங்கியது. சில பத்தாண்டுகளில் ஜேம்ஸ்டவுன் நகரத்து வீடுகளின் கூரை மரங்களும் நூலகத்துப் புத்தகங்களும் பாழாயின.

அப்படியென்றால் நம் ஊர் வீடுகள் நூறு வருடம் எப்படி நின்றன?

முதல் காரணம் கல். கொங்கு நாட்டில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. மண் சுவர் வீட்டுக்கும் அடியில் கல் கட்டுவார்கள். மரத்தூண் நேரே மண்ணில் நிற்காது. தூணுக்கு அடியில் கல் இருக்கும். கரையான் மண்ணிலிருந்து மேலே ஏற வேண்டுமானால் அந்தக் கல்லின் மேல் மண் குழாய் கட்டித்தான் வர வேண்டும். அதற்குக் கண் தெரியாது, வெளிச்சமும் காய்ந்த காற்றும் ஆகாது. அதனால்தான் அந்த மண் குழாய். கல் கரையானைக் கொல்வதில்லை. அது வரும் வழியை நம் கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கும்.

இரண்டாவது மரம். ஆனைமலைத் தேக்கு 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்ட பம்பாய் வரை போனது. டாப்ஸ்லிப் என்ற பெயரே மலை உச்சியிலிருந்து மரத்தைச் சறுக்கி விட்டதால் வந்தது. வசதி உள்ளவர்கள் தேக்கு போட்டார்கள். மற்றவர்கள் முற்றிய பனையும் வேம்பும் போட்டார்கள். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்திருக்க வேண்டும். 1902-ல் தொடங்கிய கோவை காஸ் வன அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது மரத்துண்டுகளைக் காட்டுவேன். நடுவில் கருத்திருப்பது வைரம், ஓரத்தில் வெளுத்திருப்பது வெள்ளை. தேக்கே ஆனாலும் அந்த வெள்ளைப் பகுதியைக் கரையான் தின்னும். எங்கள் வீட்டு நிலவு பின்னாளில் மாற்றியது. வெள்ளை நீக்காத மரம்.

மூன்றாவது காரணம் மனிதர்கள். பொங்கலுக்கு முன்னால் வீடு முழுக்க ஒழித்து, சாமான்களை வாசலில் போட்டுச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அம்மா சீமாற்றுக் கட்டையோடு சுவர் ஓரமெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே போவார். எங்காவது செல்லு மண் தெரிந்தால் வீடே இரண்டுபடும். அப்பாவைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் தோண்ட வைக்காமல் விடமாட்டார். எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்தக் குனிந்து பார்த்த முதுகுதான்.

பிறகு மருந்து வந்தது. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், பி.எச்.சி. பவுடர். 1971-ல் இந்தியத் தர நிறுவனம் கட்டடங்களில் கரையான் தடுப்புக்கு ஐ.எஸ். 6313 என்ற விதிமுறையை மூன்று பகுதிகளாக வெளியிட்டது. முதல் பகுதி கட்டும் முறை. இரண்டாவது, கட்டும்போதே மண்ணுக்கு மருந்து ஊற்றுவது. மூன்றாவது, கட்டி முடித்த வீட்டுக்கு மருந்து. நாம் பிடித்துக்கொண்டது மருந்தை மட்டும். முதல் பகுதியை யாரும் பேசுவதில்லை.

அந்தப் பழைய மருந்துகள் மண்ணில் பல வருடம் அழியாமல் கிடக்கும். அதனால்தான் வேலை செய்தன, ஆபத்தும் அதனால்தான். வீட்டு வாசலிலேயே கிணறு இருக்கும் நம் ஊரில் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் மூன்றும் 1996-லும், பி.எச்.சி. 1997-லும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. 2001-ல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் முதல் பன்னிரண்டு நச்சுகளில் அந்த மூன்றும் உண்டு. இப்போது வேறு மருந்துகள் இருக்கின்றன. தேவையானால் தெரிந்தவர்களை வைத்து அடியுங்கள். கிணறும் போர்வெல்லும் எங்கே இருக்கின்றன என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். ஆனால் மருந்து அடித்தாயிற்று என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு காலத்தில் மருந்து அடித்ததுதான்.

ஆசாரியும் நானும் அன்றைக்குப் பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

சுவரில் மண் குழாய் கண்டால் உடனே துடைத்துவிட வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் கூட்டம் உள்ளே நடமாடுகிறது என்று அர்த்தம். எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடித்து அங்கே வைத்தியம் செய்ய வேண்டும். துடைத்தால் குழாய்தான் போகும், கூட்டம் போகாது.

பீரோ, பெட்டி எதையும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் புத்தகம் கட்டித் தரையில் வைப்பது கரையானுக்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி. குழாய்க் கசிவை உடனே சரி செய்யுங்கள். அதற்கு ஈரம் வேண்டும். விறகு, தென்னை மட்டை, பழைய பலகைகளை வீட்டுச் சுவரில் சாய்க்காதீர்கள். பூச்செடிக்கு என்று மண்ணைக் கொட்டிக் கொட்டி அடித்தளக் கல்லை மூடிவிடாதீர்கள். மூடினால் அது ஏறும் வழி நம் கண்ணுக்குத் தெரியாது.

கரையானைத் திட்டி இதை எழுதவில்லை. புற்றுக்குப் பால் ஊற்றுகிற ஊர் நம்முடையது. காட்டில் விழுந்த மரத்தையும் சருகையும் மண்ணாக்கித் தருவது அதுதான். யாரும் திரும்பிப் பார்க்காத பொருளைக் கண்டால் அது தன் வேலையைச் செய்யும். எங்கள் பெட்டியையும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

பஞ்சத்தில் எங்கள் ஊரில் எத்தனை வீடு காலியானது, யார் யாருக்குக் கஞ்சி ஊற்றினார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள் என்பது அந்த ஓலையில் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. கிடைத்த துண்டுகளில் கடைசி எண் நாற்பத்து ஒன்று. நாற்பத்தோரு ஏடு எழுத ஒரு மனிதருக்கு விஷயம் இருந்திருக்கிறது. அந்த ஓரங்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேஜை மேல், கண் படும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ ஓலை, பழைய பத்திரம், தாத்தா எழுதிய கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். அந்தக் காலத்தில் படி எடுத்தார்களே, அதேதான் இது. பழைய எழுத்துப் படிக்க வரவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படித்துத் தருகிறேன். எங்கள் வீட்டு ஓலைக்குச் செய்யாததை உங்கள் வீட்டு ஓலைக்காவது செய்கிறேன்.