ஷெபி சிங் (1960–2022)

மலேசியாவின் முன்னாள் காற்பந்துத் தற்காப்பு ஆட்டக்காரர். சிங்கப்பூரிலிருந்து ஒளிபரப்பான இஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகராக இருந்து, களத்தில் பெற்றதைவிடப் பெரிய புகழைப் பெற்றவர். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தில் உலகளாவிய ஆலோசகராகவும் பணியாற்றினார். முழுப்பெயர் செர்பெகத் சிங். ‘ஷெபி’ என்பதே நிலைத்துவிட்டது.

மலேசியக் காற்பந்தின் தற்காப்பு வரிசையில் ஒரு சீக்கியர் நிற்பது அவருக்கு முன்பே பழகிப்போன காட்சி. 1970களில் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் தேசிய அணியின் அரணாக இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கோல்கம்பத்தில் ஆர். ஆறுமுகம். அந்தத் தலைமுறை விலகிய பிறகு வந்தவர் ஷெபி. 1980களில் தேசிய அணிக்கு ஆடிய அவர், ஜொகூர், கோலாலம்பூர் அணிகளின் சீருடையையும் அணிந்தார். 1987 முதல் 1989 வரை தொடர்ந்து மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற கோலாலம்பூர் அணியில் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமதும் மாலேக் அவாப்பும் இருந்ததால், எல்லைக்கு இப்பாலும் அந்த அணிக்கு ரசிகர்கள் உண்டு. சிங்கப்பூர் அணியே 1994 வரை மலேசியக் கிண்ணத்தில் போட்டியிட்டது. கலாங் அரங்கில் கூடிய கூட்டத்துக்கு எதிரணித் தற்காப்பாளர்களின் பெயர்கள் மனப்பாடம். அவர்களைத் திட்டவும் தெரியும். ஷெபி பின்னாளில் திரையில் தோன்றியபோது சிங்கப்பூரர்கள் அவரை அயலாராகப் பார்க்காததற்கு இந்தப் பழைய பகையே காரணம்.

இஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1996இல் டிஸ்னியின் இஎஸ்பிஎன்னும் ஊடக அதிபர் மர்டாக்கின் ஸ்டாரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். தலைமையகம் சிங்கப்பூர். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரிமியர் லீக் ஆட்டம் இங்கே இரவு பத்து அல்லது பதினொரு மணிக்கு வரும். குடும்பம் சாப்பிட்டு முடித்திருக்கும், மறுநாள் ஞாயிறு. சிராங்கூன் சாலைக் காப்பிக்கடைகள் முதல் அடுக்குமாடி வரவேற்பறைகள் வரை ஒரே ஆட்டம் ஓடும். ஜான் டைக்ஸ் நெறிப்படுத்திய மேசையில் லிவர்பூலின் முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டீவ் மெக்மான் போன்ற பிரிட்டிஷ்காரர்கள் அமர்ந்திருக்க, நடுவே நம் வட்டார உச்சரிப்பில் ஒரு குரல். இங்கிலாந்தில் ஒருநாளும் ஆடாத ஒருவர் இங்கிலாந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரிய கழகம், சிறிய கழகம் என்று பாராமல் தோன்றியதைப் பட்டென்று சொன்னார், கிண்டலோடு சொன்னார். பாதிப் பேர் அவர் சொல்வதை ஏற்கவும் மீதிப் பேர் எதிர்க்கவுமே தொலைக்காட்சியைப் போட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஒலிவாங்கி முன் நன்றாகப் பேசுவது உலகெங்கும் காணும் வழக்கம். ஸ்காட்லாந்தின் ஆலன் ஹான்சன் 1992 முதல் 2014 வரை பிபிசியில் இருந்தார். கேரி நெவிலும் ஜேமி கேரகரும் அவருக்கு அடுத்த தலைமுறை. நடுத் தற்காப்பாளருக்கு மொத்தத் திடலும் கண்ணெதிரே விரிகிறது. யார் எங்கே நகர்வார் என்பதை முன்கூட்டியே பார்த்து, பக்கத்தில் நிற்பவருக்குக் கத்திச் சொல்வது அவருடைய வேலை. தாக்குதல் ஆட்டக்காரர் தன் கோலைப் பற்றிப் பேசுவார். தற்காப்பாளர் மற்ற பத்துப் பேரின் தவற்றைப் பற்றிப் பேசிப் பழகியவர்.

விமர்சனத்தோடு நிற்காமல், மலேசியாவில் 2006இல் அரசியல்வாதி கைரி ஜமாலுதீனோடு சேர்ந்து ‘மைடீம்’ என்ற முயற்சியிலும் ஷெபி இறங்கினார். அறியப்படாத இளைஞர்களைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியே தேர்ந்தெடுத்துத் தேசிய அணியோடு மோதவிட்ட திட்டம் அது. மேசையிலிருந்து விமர்சிப்பதும் அணியைக் கட்டுவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடக் கடுமையாக அவருக்குக் காட்டியது பிளாக்பர்ன்.

1995இல் பிரிமியர் லீக் வென்ற அந்தக் கழகத்தை 2010 நவம்பரில் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் வாங்கியது. 2012 மே மாதம் கழகம் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. அதே ஆண்டு ஷெபி ஆலோசகராக அமர்த்தப்பட்டார். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ரசிகர்கள் கண்ணில் அவரே முதலாளிகளின் வாய். ரசிகர் கூட்டம் ஒன்றில், தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் நிர்வாகி ஸ்டீவ் கீன் நீக்கப்படுவார் என்று அவர் சொன்னது செய்தியானது. மூத்த ஆட்டக்காரர் மார்ட்டன் காம்ஸ்ட் பெடர்சனை ஓய்வூதியக்காரர் என்று குறிப்பிட்டார். சனிக்கிழமை இரவு மேசையில் சிரிப்பை வரவழைத்திருக்கும் இந்த வார்த்தைகள், அலுவலகத்திலிருந்து வந்தபோது தீயாய்ப் பரவின. செப்டம்பர் 28 அன்று கீன் விலகினார். பின்வந்த ஹென்னிங் பெர்க், 1995 வெற்றி அணியின் தற்காப்பாளர், 57 நாளில் நீக்கப்பட்டார், அவருக்கு 22.5 லட்சம் பவுண்டு வழங்கும்படி 2013 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் தாங்கினார். அவரை நீக்கும் கடிதம் ஷெபியிடமிருந்து வந்தது. ஒரே பருவத்தில் இத்தனை நிர்வாகிகள் மாறியதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல. பணமும் முடிவும் புனேயில் இருந்தன. ஆனாலும் பழியில் பெரும்பங்கு, எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசியவர்மீதே விழுந்தது.

சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்கள் ஷெபியோடு ஒப்பிடத்தக்கவர் ஆர். சசிகுமார். 1998 செப்டம்பர் 5 அன்று ஹனோயின் ஹாங் டே அரங்கில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வியட்நாமுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டவர் இந்தத் தற்காப்பாளர். பந்து தோளில் பட்டு உள்ளே போனதால், மரடோனாவின் ‘கடவுளின் கை’யை நினைவூட்டி அதைக் ‘கடவுளின் தோள்’ என்றார்கள். சிங்கப்பூருக்கு அந்தக் கிண்ணம் அதுவே முதல் முறை. ஓய்வுக்குப் பின் அவர் ‘ரெட் கார்ட்’ என்ற விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஷெபி பிறருடைய கழகத்துக்கு ஆலோசகராகப் போனார். சசிகுமார் தன் கடையைத் தானே திறந்தார்.

ஷெபி வளர்ந்த ஒளிபரப்பு உலகமும் அதற்குள் கரைந்துவந்தது. 2010இல் சிங்கப்பூரில் பிரிமியர் லீக் உரிமை ஸ்டார்ஹப்பிடமிருந்து சிங்டெல்லுக்குப் போயிற்று. 2012இல் இஎஸ்பிஎன்னின் பங்கை மர்டாக்கின் நிறுவனம் வாங்க, அலைவரிசை அடுத்த ஆண்டு ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ஆனது. 2021 அக்டோபர் 1 அன்று அதுவும் மூடப்பட்டது. 2022 ஜனவரி 12 அன்று ஜொகூரின் இஸ்கந்தர் புத்ரியில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்த ஷெபி சிங் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 61. அடுத்த மாதம், பிரிமியர் லீக் உரிமை ஆறு பருவங்களுக்குத் தன்னிடம் திரும்பியதாக ஸ்டார்ஹப் அறிவித்தது.