பனித்தடத்தைப் பின்தொடரும் எல்க் வேட்டை

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில், எல்க் என்னும் பெரிய மானை அது பனியில் விட்டுச்செல்லும் தடத்தைக் கொண்டு தேடி வேட்டையாடும் முறை இது. மொன்டானா, வயோமிங், ஐடஹோ, கொலராடோ மாநிலங்களின் மலைக்காடுகளில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை இது பரவலாக நடக்கிறது. மான் எங்கே மேயும், எவ்வளவு தூரம் நடக்கும், எந்தச் சரிவில் படுக்கும் என்பதையெல்லாம் அந்த மாதங்களில் பனியே தீர்மானிக்கிறது. குறிபார்த்துச் சுடும் திறமை இவ்வேட்டையின் கடைசிச் சில நொடிகளுக்கு மட்டுமே வேண்டியது. அதற்கு முந்தைய மணிநேரங்கள் முழுவதும் பனியைப் படிக்கும் வேலைதான்.

விலங்கு

எல்க்கின் அறிவியல் பெயர் செர்வஸ் கனடென்சிஸ். வாப்பிட்டி என்றும் அழைப்பர். ராக்கி மலைகளில் வாழும் கிளையினத்தில் வளர்ந்த ஆண் ஏறத்தாழ 320 கிலோவும் பெண் 225 கிலோவும் இருக்கும். ஆணின் தோள் உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். ஐரோப்பியர் எல்க் என்பது மூஸ் என்ற வேறொரு விலங்கை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் நுவரெலியாவில் வேட்டையாடிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் அப்பெயரால் குறித்தது நம் கடமானை. மூன்றும் மான் குடும்பத்தவையே, ஆனால் தனித்தனி இனங்கள்.

செப்டம்பரில் இணைசேரும் பருவம். அப்போது ஆண் எழுப்பும் நீண்ட ஊதல் ஒலி பள்ளத்தாக்குகளைத் தாண்டிக் கேட்கும். அந்த வாரங்களில் அது சரியாக மேய்வதில்லை. போட்டி ஆண்களோடு மோதியும் பெண்களைச் சுற்றிவந்தும் உடல் கொழுப்பைப் பெருமளவு கரைத்துவிடுகிறது. பருவம் முடிந்ததும் முதிர்ந்த ஆண்கள் கூட்டத்தை விட்டு விலகி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் ஒதுங்குகின்றன. பெண்களும் கன்றுகளும் பெருங்கூட்டமாகவே இருக்கும். நவம்பரில் தடம் பார்ப்பவர் முதலில் மனதில் கொள்வது இந்தப் பிரிவினையைத்தான்: புல்வெளியில் ஐம்பது மானின் தடம் கிடந்தாலும் அவற்றில் முதிர்ந்த ஆணின் தடம் இல்லாமலே போகலாம்.

பனியும் இடப்பெயர்வும்

பனி ஆழமில்லாதபோது எல்க் முன்னங்காலால் அதைக் கிளறி அடியிலுள்ள காய்ந்த புல்லைத் தின்னும். ஆழம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டரைக் கடந்தால் நடப்பதற்குச் செலவாகும் ஆற்றல் கடுமையாக உயர்கிறது. மார்பளவு வந்துவிட்டால் அது பாய்ந்து பாய்ந்துதான் நகர முடியும். ஆகவே பனி ஏற ஏற மந்தைகள் கீழிறங்குகின்றன. காற்று பனியை வாரிச்சென்ற மேடுகளும், வெயில் படும் தெற்குச் சரிவுகளும் அவற்றின் குளிர்கால மேய்ச்சல் நிலங்கள். புல் கிடைக்காத இடத்தில் ஆஸ்பென் மரப்பட்டையைக் கீழ்வரிசைப் பற்களால் சுரண்டித் தின்னும். அந்த வெள்ளை மரங்களில் ஆளுயரத்துக்கு ஏறியிருக்கும் கறுத்த வடுக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன மந்தைகளின் அடையாளம்.

யெல்லோஸ்டோன் பூங்காவின் தென்பகுதியிலிருந்து ஜாக்சன் பள்ளத்தாக்குக்கு இறங்கும் மந்தையின் கதை இதில் முக்கியமானது. ஊரும் பண்ணைகளும் மேய்ச்சல் நிலத்தை மறித்துக்கொண்டதால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கடுங்குளிர்காலங்களில் மான்கள் பெருமளவில் பட்டினி கிடந்து மடிந்தன. ஊரார் வைக்கோல் போட்டுக் காத்தனர். 1912இல் அங்கே தேசிய எல்க் சரணாலயம் அமைந்தது. இன்றைக்கு அதன் பரப்பு சுமார் 10,000 ஹெக்டேர். தீவனம் போடுவது உயிர்களைக் காத்தது. ஆயிரக்கணக்கான மான்களை ஒரே இடத்தில் நெருக்கிவைத்து நோய் பரவவும் இடம்கொடுத்தது.

தடம் படித்தல்

எல்க்கின் குளம்புத் தடம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், முனை மழுங்கி ஓரளவு உருண்டையாக இருக்கும். அதே காட்டில் நடமாடும் கழுதைக்காது மானின் தடம் சிறியது, இதய வடிவம் கொண்டது. மூஸின் தடம் பெரியது, கூர்முனை உடையது. ஆழ்ந்த பனியில் வடிவம் தெரியாது. வெறும் குழிகளும் இழுத்த கோடுகளுமே மிஞ்சும். அங்கே மற்ற தடயங்கள்தான் துணை.

ஆணா பெண்ணா என்று தடத்தின் அளவை மட்டும் வைத்துச் சொல்வது துணிச்சல். சிறுநீர் விழுந்த இடம் நம்பத்தக்க சாட்சி. பெண்ணின் சிறுநீர் பின்னங்கால் தடங்களின் மேலோ அவற்றுக்குப் பின்னாலோ விழும். ஆணினுடையது பின்னங்கால் தடங்களுக்கு முன்னே பனியைத் துளைக்கும். நெருங்கி நிற்கும் மரங்களுக்கு இடையே புகாமல் ஒரு தடம் மட்டும் சுற்றிப் போனால், அந்த மான் அகன்ற கொம்பைச் சுமந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். படுத்தெழுந்த குழியும் உதவும். உடல் வெப்பத்தில் உருகி மறுபடி உறைந்த நீள்வட்டப் பள்ளமாக அது இருக்கும். உள்ளே உதிர்ந்த உரோமம் ஒட்டியிருக்கும்.

எப்போது பதிந்த தடம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. வேட்டையின் பயன் அதன் விடையில்தான் இருக்கிறது. பனிப்பொழிவு எத்தனை மணிக்கு நின்றது என்று தெரிந்தவருக்குப் பாதி விடை கையில் உண்டு: குழிக்குள் புதுப்பனி விழுந்திருக்காவிட்டால் மான் அதற்குப் பின்னரே கடந்திருக்கிறது. குளம்பு மிதித்துக் கலைத்த பனி நேரம் செல்லச் செல்ல இறுகும். விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் தடம் புதிது. ஓரம் கெட்டிப்பட்டு உடைந்தால் பழையது. தெளிந்த இரவுக்குப் பின் குழிக்குள் பூத்திருக்கும் நுண்படிகங்கள், மான் முந்தைய நாளே போய்விட்டதைச் சொல்லும். புழுக்கை பளபளப்பாகவும் மென்மையாகவும் இருந்தால் மான் வெகுதூரத்தில் இல்லை. நிழலிலும் வெயிலிலும் இந்த மாற்றங்கள் வெவ்வேறு வேகத்தில் நடப்பதால், தேர்ந்தவர்கள் தம் காலடித் தடத்தையே பக்கத்தில் பதித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தடத்தின் போக்கு மானின் மனநிலையைக் காட்டும். கிளறிய குழிகளும் கடித்த கிளைநுனிகளுமாக வளைந்து வளைந்து போனால் அது அச்சமின்றி மேய்கிறது. நீண்ட எட்டுகளாக ஒரே நேர்க்கோட்டில் போனால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது. மிரண்ட எல்க் மலைமுகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்கே போய்விடக்கூடியது. நேராக வந்த தடம் திடீரென்று அங்குமிங்கும் அலையத் தொடங்கினால் படுக்க இடம் தேடுகிறது என்று பொருள். தடத்தை மட்டும் பார்த்து நடக்கும் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மானை எழுப்பிவிடுகிறார்கள். பழகியவர் தலையை உயர்த்தி, ஓரிரு அடி வைத்து நின்று, தொலைநோக்கியால் மரங்களுக்கிடையே துழாவுவார். முழு மான் தென்படுவது அரிது. நெட்டுக்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமான முதுகுக்கோடு, ஒரு காது, வெளிறிய பின்புறம் இவையே கண்ணில் படும்.

நெருங்குதலும் சுடுதலும்

எல்க்கின் மோப்பத்தை ஏமாற்ற முடியாது. மலையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவில் மேலேறும்; மாலையிலிருந்து விடியும்வரை குளிர்ந்த காற்று கீழிறங்கும். மான் முகட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள திட்டில் படுத்து, கீழிருந்து ஏறிவரும் காற்றை முகர்ந்தபடி அசைபோடும். ஆகவே பகலில் தடத்தின் மேலேயே கீழிருந்து ஏறுவது வீண். பக்கவாட்டில் விலகி, மேலே போய், மேலிருந்து அணுகுவதே வழக்கம். புதிதாகப் பெய்த பொடிப்பனி காலடி ஓசையை விழுங்கும். பகலில் உருகி இரவில் உறைந்த மேலோடு ஒவ்வோர் அடிக்கும் நொறுங்கும். அத்தகைய நாளில் தடம் பின்தொடர்வதை விட்டுவிட்டு ஓரிடத்தில் காத்திருப்பது மேல்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்ற தோட்டாக்கள் பரவலாகப் பயன்படுகின்றன. தோளுக்குச் சற்றுப் பின்னே, இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியே குறி. சுட்டபின் உடனே ஓடிப் போகாமல் காத்திருப்பது விதி. துரத்தாத மான் அருகிலேயே படுத்துவிடும். பனியில் கிடக்கும் குருதி காயத்தைச் சொல்லும். நுரைத்த இளஞ்சிவப்பு நுரையீரலையும், கருஞ்சிவப்பு ஈரலையும், பச்சைக்கலப்பு இரைப்பையையும் குறிக்கும். கடைசி வகையில் பல மணிநேரம் பொறுக்க வேண்டும். காயப்பட்ட விலங்கைக் கைவிடாமல் கடைசிவரை தேடுவது இவ்வேட்டையின் முதல் கடமை. அதற்கு மனமில்லாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

இறைச்சி

வெளியே உறைகுளிராக இருந்தாலும் எல்க் இறைச்சி கெட்டுப்போகும். தடித்த உரோமமும் தோலும் வெப்பத்தை அடைத்துவைப்பதால் பின்தொடை எலும்பைச் சுற்றியுள்ள தசை உள்ளிருந்தே புளித்துவிடும். உடனே குடலெடுத்து, தோலுரித்து, கால் காலாகப் பிரித்துக் காற்றாடத் தொங்கவிடுகின்றனர். பின்பு கோவேறு கழுதை, குதிரை, அல்லது மனித முதுகில் பலமுறை நடந்து கீழே கொண்டுவர வேண்டும். யெல்லோஸ்டோனைச் சுற்றிய காடுகளில் குடல் வாடைக்குக் கரடிகள் வரும். அங்கே கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இல்லாமல் போவது ஆபத்து.

வரலாறும் சட்டமும்

குரோ, ஷோஷோனி முதலிய தொல்குடிகள் எல்க்கின் இறைச்சி, தோல், கொம்பு எல்லாவற்றையும் பயன்படுத்தினர். ஒரு மானுக்கு இரண்டே தந்தப்பற்கள் இருப்பதால், நூற்றுக்கணக்கான பற்கள் தைத்த குரோ பெண்களின் ஆடை பெரும் மதிப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் சந்தை வேட்டை எல்க்கை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. கடிகாரச் சங்கிலி அணிக்காகப் பற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலை விட்டுச்சென்றவர்களும் உண்டு. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் கள்ள வேட்டைப்பொருள் வணிகத்தைத் தடுத்தது. யெல்லோஸ்டோனிலிருந்து பிடித்தனுப்பிய மான்கள் பல மாநிலங்களில் புது மந்தைகளாயின. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பியது. இன்று மிகப் பெரிய எல்க் தொகை கொலராடோவில் உள்ளது. யெல்லோஸ்டோனின் வடக்கு மந்தையோ 1994இல் ஏறத்தாழ 19,000 இருந்து, 2013இல் 4,000க்கும் கீழே சரிந்தது. 1995இல் மீண்டும் விடப்பட்ட ஓநாய்கள், கரடிகள், மலைச்சிங்கம், வறட்சி, பூங்காவுக்கு வெளியே நடந்த வேட்டை ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் தொடர்கிறது.

உரிமமின்றி வேட்டையாட முடியாது. மொன்டானாவில் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சுத் துணி கட்டாயம். கொலராடோவில் 500 சதுர அங்குலமும் தலையணியும் வேண்டும். அங்கே ஒளிர் இளஞ்சிவப்பும் ஏற்கப்படும். மான் இந்த நிறங்களைப் பிரித்தறியாது, மனிதர் அறிவர். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய் காரணமாக, பல பகுதிகளில் வேட்டையாடிய மானின் நிணநீர்க் கணுக்கள் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றன. வேட்டைப் பருவம் முடிந்ததும் பல குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் மனித நடமாட்டத்துக்கே மூடப்படுகின்றன. கொழுப்பு கரைந்த மானை வெறுமனே ஓடவைப்பதும் அதைக் கொல்லக்கூடும். வயோமிங்கின் மேற்குப் பகுதியில் உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்குவதற்குக்கூடக் குறைந்தது மே 1 வரை தடை.