குறடும் கண்டங்கத்தரிப் புகையும்

சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் பலாவும் அன்னாசியும் கொண்டுவந்து விற்பவர்களில், வெற்றிலை புகையிலை வாங்காமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு. எங்கள் கொல்லிமலையில் பல்வலியின் கதையை அந்தப் புகையிலையிலிருந்து தொடங்குவதே சரி. சொத்தைப் பல்லில் ஒரு துணுக்கை அடக்கிக்கொண்டு வாரக்கணக்கில் நாளைக் கடத்துவது என் அப்பா காலத்து வழக்கம். அதற்கும் அடங்காவிட்டால் கண்டங்கத்தரி. காய்ந்த விதையைத் தணலில் போட்டு, எழும் புகையை வாயில் பிடிக்கச் செய்வார்கள். எச்சில் வடிந்த தண்ணீர்ச் சட்டியில் ஏதோ மிதக்கும். “பாரு, புழு விழுந்திருச்சு” என்பாள் பாட்டி.

பல்லில் புழு என்ற நம்பிக்கை பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. பியேர் ஃபோஷார் 1728இல் பாரிஸில் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், தேடிப் பார்த்தும் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். பாட்டிக்கு ஃபோஷாரைத் தெரியாது. ஆனால் பயந்து நடுங்கும் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று தெரியும். மடியில் தலை, நெற்றியில் கை, சுற்றிலும் அத்தைமார். வைத்தியத்தில் பாதி அதுதான் என்பேன்.

1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற மிஷனரித் தம்பதியர் இந்த மலையில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி டாக்டர் அல்லர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவம் கற்றவர். அதை வைத்துக்கொண்டு காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்தியை உருவினார், பல்லும் பிடுங்கினார். 1929இல் கருநீர்க் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. இன்று பல் டாக்டர்கள் மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசி 1943இல் சுவீடனில் உருவாகி, 1948இல்தான் விற்பனைக்கு வந்தது. எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் ஊசியே கிடையாது, குறடுதான். பல் டாக்டரைக் கண்ணால் பார்த்திராத பிள்ளையும் குறட்டுக்குப் பயப்படுவது அப்படித்தான்.

ஜெஸ்ஸியின் மகன் பால் பிராண்ட், 1914இல் பிறந்து, சிறுவயதில் இந்த மலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்து, தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்கு வலி தெரியாமல் போவதே முக்கியக் காரணம் என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கும் கருவி ஒன்றைச் செய்துபார்த்தார். ஒலி எழுப்பினால் நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி கொடுத்தால் கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முயற்சி கைவிடப்பட்டது.

அப்பா வாயிலிருந்த புகையிலைத் துணுக்கும் அப்படி ஒரு சுவிட்சு என்றுதான் எனக்குப் படுகிறது. வாத்தியாராக இருந்த காலத்தில், “வலி நின்னுபோச்சு சார், ஆஸ்பத்திரி வேண்டாம்” என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல்லுக்குள் நரம்பு செத்தாலும் வலி நிற்கும், சீழ் நிற்காது. கன்னம் வீங்கிய பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போவார்கள்.

ஓய்வுபெற்ற பின்னும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்குகிறேன். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்வதில்லை. ஊசி சுருக்கென்று குத்தும், பிறகு அழுத்துவது மட்டும் தெரியும், தாங்கவில்லை என்றால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார் என்பேன். டாக்டரிடமும் அதை முன்கூட்டியே பேசிவிடுவேன். கையைத் தூக்கும் உரிமை இருக்கிறது என்று தெரிந்தாலே பல பிள்ளைகள் தூக்குவதில்லை. பாட்டியையும் உள்ளே விடச் சொல்லிக் கேட்பேன். சில டாக்டர்கள் விடுவார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள்.

பாட்டிகளோடு எனக்குச் சண்டை வருவது திரும்பும்போதுதான். பேரன் பட்டினியாக இருக்கிறானே என்று மலையடிவாரக் காரவள்ளியில் முறுக்கு வாங்கக் கிளம்புவார்கள். ஊசி போட்ட உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்துக் கிடக்கும். அதற்குள் மெல்லக் கொடுத்தால், வலி தெரியாமல் பிள்ளை தன் உதட்டையே மென்று புண்ணாக்கிக்கொள்ளும்.