கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது: ரிவால்வருக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு

நம்ம சினிமாவில் ஹீரோ ரிவால்வரை எடுத்ததும் 'சேஃப்டி லாக்'கைத் தள்ளிவிட்டுத்தான் சுடுவார். உண்மையில் பெரும்பாலான ரிவால்வர்களில் அப்படி ஒரு பட்டனே கிடையாது. (விதிவிலக்கு உண்டு: 1920களின் கடைசியிலிருந்து சிங்கப்பூர் போலீஸ் வாங்கிய வெப்லி ரிவால்வர்களில் இருந்தது.) அப்போ பாதுகாப்பு எங்கே? எல்லாம் உள்ளேதான்.

1873ல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஹேமரின் கூர்முனை நேராகத் தோட்டாவின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால் ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். ஹேமருக்கு நேரே இருக்கும் அறை காலி. அதாவது கருவியில் இருக்கும் குறைக்கு மனுஷனின் பழக்கத்தால் ஒட்டுப்போடுவது. சாஃப்ட்வேர்காரனுக்கு இது ரொம்பப் பழகின விஷயம்.

பிறகு ஹேமரைத் தடுக்க உள்ளேயே ஒரு துண்டை வைத்தார்கள். ட்ரிகரை முழுசாக இழுத்தால்தான் அது விலகும். இன்னொரு வழியை ஐவர் ஜான்சன் கம்பெனி பிரபலமாக்கியது: ஹேமர் தோட்டாவைத் தொடவே தொடாது, ட்ரிகரை இழுக்கும்போது மட்டும் நடுவில் ஒரு பட்டை எழுந்து அடியைக் கடத்தும். அவர்கள் விளம்பரத்தில் ரிவால்வரின் ஹேமரையே சுத்தியலால் அடித்துக் காட்டுவார்கள்!

எனக்குப் பிடித்த கதை பிரிட்டனின் என்ஃபீல்டு நம்பர் 2. வெப்லி டிசைனை ஒட்டி அரசு ஆலையே செய்தது. வெப்லி கம்பெனி வழக்குப் போட்டது. 1942ல், போர் அவசரத்தில், உற்பத்தி சுலபமாகட்டும் என்று ஹேமரின் பாதுகாப்புத் தடுப்பையே எடுத்துவிட்டார்கள். கீழே போட்டால் வெடிக்கக்கூடிய துப்பாக்கி! போர் முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்து அந்தத் துண்டை மாட்டினார்கள்.

அமெரிக்காவில் பாடம் ஒரு உயிரோடு வந்தது. 1944ல் கப்பல் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி வெடித்து ஒரு கடற்படை வீரர் இறந்தார். அதில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருந்தது, ஆனால் அது வேலை செய்யவில்லை. கம்பெனி அவசரமாகப் புது டிசைன் செய்து, வரிசை எண்ணில் 'வி' என்பதோடு 'எஸ்' என்ற எழுத்தையும் சேர்த்தது.

நம்ம ஊர்க் கதையும் வெப்லியில்தான் தொடங்குகிறது. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் வெப்லி மார்க் 4ன் வாரிசு. 2014ல் பெண்களுக்கென்று சொல்லி வந்த, சுமார் அரை கிலோ எடையுள்ள 'நிர்பீக்'கும் அதே குடும்பம்தான்.